முதல் ஹாலோவீன்: கனடாவுக்குப் புதிதாக வந்த குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

அக்டோபர் பிறந்துவிட்டால் பள்ளிவிட்டு வரும் பிள்ளை ஒரே கேள்வியோடு வீட்டுக்குள் நுழையும்: "அம்மா, ஹாலோவீனுக்கு நான் என்ன வேஷம் போடப் போறேன்?" புதிதாக வந்த வீட்டில் அதற்கு யாரிடமும் பதில் இருக்காது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஸ்கார்பரோவில் முதல் வருஷம், கடையிலிருந்து மிட்டாய்ப் பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டு நானும் மகளும் கதவுக்குப் பின்னால் காத்திருந்தோம். தெருவில் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். எங்கள் வாசலுக்கு மட்டும் ஒருவரும் வரவில்லை. ஏழரை மணிக்குப் பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா வந்து, "வெளி லைற்றை ஏன் தங்கச்சி போடேல்லை? லைற் எரியாட்டி ஒருத்தரும் வரமாட்டினம்" என்றார். சுவிட்சைப் போட்ட இரண்டாவது நிமிஷம் ஒரு குட்டி டைனோசர் படியேறி வந்தது.

வாசல் விளக்கு எரிந்தால் வரலாம், அணைந்திருந்தால் தட்டக் கூடாது. இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது யாரும் சொல்லித் தெரியவேண்டிய விஷயமே இல்லை. அதனால்தான் நமக்கும் யாரும் சொல்வதில்லை. அப்படி நான் ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டதை, இந்த வருஷம் முதல் முறையாகப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். நான் இருப்பது டொராண்டோ பக்கம் என்பதால் நேரம், குளிர், கடை எல்லாம் இந்த ஊர்க் கணக்கு. மற்ற நகரங்களுக்கும் அமெரிக்காவுக்கும் பெரும்பாலும் இதே முறைதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிதாக வந்த பெற்றோர் எல்லாரும் பயப்படுவது முன்பின் தெரியாதவர் தரும் மிட்டாயைப் பற்றி. உண்மையில் பயப்பட வேண்டியது சாலையைப் பற்றி. உங்கள் ஏற்பாடுகளில் பெரும்பங்கு சாலைக்கும் இருட்டுக்கும் குளிருக்கும் போகட்டும்.

இது என்ன நாள்?

நவம்பர் 1 கிறிஸ்தவர்களுக்குப் புனிதர் அனைவரின் திருநாள். அதற்கு முந்தைய இரவுதான் ஹாலோவீன், அதாவது ஒவ்வொரு வருஷமும் அக்டோபர் 31. அதற்கும் பின்னால், அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் நாளாகக் கொண்டாடிய சௌவின் என்ற பழைய விழா இருக்கிறது. அங்கிருந்து கப்பலேறி வந்தவர்கள் இந்த வழக்கத்தை வட அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார்கள். ஊரில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தவர்களுக்கு இங்கே பெரிய பூசணி கிடைத்தது. குடைவதற்கு அதுதான் வசதி.

"பேய்க்குப் பூஜை செய்கிற நாளா?" என்று ஊரிலிருந்து மாமியார் போனில் கேட்பார். இன்று இங்கே நடப்பதில் வழிபாடு எதுவும் இல்லை. பிள்ளைகள் மாறுவேடம் போட்டு, வீடு வீடாகப் போய், 'ட்ரிக் ஆர் ட்ரீட்' என்று சொல்லி மிட்டாய் வாங்கி வருகிறார்கள், அவ்வளவுதான். நவராத்திரியில் கிருஷ்ணர் வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாகக் கொலு பார்க்கப் போய், ஒரு பாட்டுப் பாடிச் சுண்டல் பொட்டலம் வாங்கி வந்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்ள அதிக நேரம் ஆகாது. 2024-ல் தீபாவளியும் அக்டோபர் 31-ஆம் தேதியே வந்தது. அன்று எங்கள் தெருவில் வாசலில் அகல் ஒரு பக்கம், பூசணி ஒரு பக்கம் என்று இருந்த வீடுகளைப் பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

இருந்தாலும் மனசுக்கு ஒப்பவில்லை என்றால் விட்டுவிடலாம். மத நம்பிக்கை காரணமாகக் கொண்டாடாத குடும்பங்கள் இங்கே எத்தனையோ உண்டு. அதைப் பள்ளியில் ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், புரிந்துகொள்வார்கள். ஆனால் அந்த நாளில் வகுப்பில் என்ன நடக்கும் என்று பிள்ளையிடமும் சொல்லி வையுங்கள். ஒன்றும் தெரியாமல் போய் எல்லாரும் வேஷத்தில் இருக்கும்போது தான் மட்டும் தனியாக நிற்பது சின்ன மனசுக்குக் கஷ்டம்.

அக்டோபர் நடுவில்: வேஷமும் பள்ளிக் கடிதமும்

முதலில் பள்ளியிலிருந்து வரும் கடிதத்தையோ மின்னஞ்சலையோ தேடிப் படியுங்கள். சில பள்ளிகளில் மாறுவேடம் உண்டு, சிலவற்றில் ஆரஞ்சும் கருப்புமாக உடை போட்டு வந்தால் போதும் என்பார்கள். வேஷம் உண்டு என்றாலும் பொம்மைத் துப்பாக்கி, கத்தி, முகமூடி, ரத்தக் கறை வேண்டாம் என்று பெரும்பாலும் இருக்கும். வகுப்பில் கொடுக்க மிட்டாய் அனுப்பலாமா, அதில் கடலை வகைகள் இருக்கக் கூடாதா என்பதும் அதில்தான் இருக்கும்.

வேஷத்தைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். பாரதியார் வேஷம் போடலாமே என்று நமக்குத் தோன்றும். கருப்புக் கோட்டு, வெள்ளை முண்டாசு, ஐப்ரோ பென்சிலில் ஒரு மீசை, முடிந்தது வேலை. குளிருக்கும் அந்தக் கோட்டு நன்றாக இருக்கும். பிள்ளைக்குப் பிடித்தால் தாராளமாகப் போடுங்கள். ஆனால் ஸ்பைடர்மேன்தான் வேண்டும் என்று கேட்டால் ஸ்பைடர்மேனே ஆகட்டும். புது ஊர், புது வகுப்பு. மற்ற பிள்ளைகள் பார்த்தவுடன் தெரிந்துகொண்டு "ஸ்பைடி!" என்று கூப்பிடும் வேஷம் ஒரு புதுப் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய துணை என்று நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒன்றை மட்டும் தவிருங்கள்: இன்னொரு மக்களின் அடையாளத்தை வேஷமாகப் போடுவது, குறிப்பாகப் பூர்வகுடிகளின் இறகுத் தலையணியை மாட்டிக்கொள்வது. இந்த நாட்டில் அது அவர்களை உண்மையிலேயே புண்படுத்தும்.

புதிதாக வாங்கியே ஆகவேண்டும் என்றில்லை. வேல்யூ வில்லேஜ் போன்ற பழைய துணிக் கடைகளில் அக்டோபரில் ஹாலோவீனுக்கென்றே தனி வரிசை போட்டிருப்பார்கள். டாலராமாவில் தொப்பி, இறக்கை, முகப் பெயின்ட் எல்லாம் கிடைக்கும். ஆனால் கடைசி வாரம் வரை காத்திருந்தால் உங்கள் பிள்ளையின் அளவு இருக்காது.

அளவு என்றதும் ஞாபகம் வருகிறது. இங்கே அக்டோபர் கடைசியில் சாயங்காலம் நல்ல குளிர் இருக்கும், மழையும் வரலாம், சில வருஷம் பனித்தூறலும் உண்டு. உடம்போடு ஒட்டும் அளவில் வாங்கிவிட்டு, அன்றைக்கு அதன்மேல் குளிர் ஜாக்கெட்டைப் போட்டு மூடினால், பிள்ளை அழுதே தீரும். போட்ட வேஷம் யாருக்கும் தெரியாதே! முன்பு சொன்ன அக்கா எனக்குச் சொல்லித் தந்தது இது: "ஒரு சைஸ் பெரிசா வாங்குங்கோ. ஜக்கெற்றைப் போட்டிட்டு அதுக்கு மேலை உடுப்பைப் போடுங்கோ." கனடாவில் வளர்ந்த பிள்ளைகள் எல்லாருமே இப்படிக் குண்டு குண்டான இளவரசிகளாகவும் புலிகளாகவும்தான் தெருவில் நடப்பார்கள். பெரிய அளவில் வாங்கும்போது நீளத்தை மட்டும் மடித்துத் தைத்துவிடுங்கள். ஓரம் கணுக்காலுக்கு மேலே நிற்க வேண்டும். படியில் தடுக்கி விழுவது பெரும்பாலும் இந்த நீளத்தால்தான்.

முகமூடி வேண்டாம் என்பது என் முடிவு. கண்ணுக்கான ஓட்டை சற்று நகர்ந்தாலே பக்கவாட்டில் வரும் கார் தெரியாது. அதற்குப் பதில் முகத்தில் பெயின்ட் போடலாம். நான்கைந்து நாள் முன்பே முன்கையில் ஒரு பொட்டளவு தடவிப் பாருங்கள். சிவந்தாலோ அரித்தாலோ அந்தப் பெயின்ட்டை விட்டுவிடுங்கள். வளர்ந்த பிள்ளைகள் கண்ணின் நிறத்தை மாற்றும் லென்ஸ் கேட்டால், கண் மருத்துவரிடம் போகாமல் வாங்கித் தர வேண்டாம். கண்ணில் புண்ணாகிப் பார்வைக்கே ஆபத்தாகலாம்.

வேஷம் தயாரானதும் அதை ஒளியில் மின்னும்படி செய்ய வேண்டும். ரிஃப்ளெக்டர் டேப் ஒரு சுருள் வாங்கி, முன்பக்கம், முதுகு, இரண்டு கை, மிட்டாய்ப் பை எல்லாவற்றிலும் ஒட்டுங்கள். ஒட்டிய பிறகு அறையின் விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, பிள்ளையை ஒரு சுற்றுச் சுற்றச் சொல்லிப் பாருங்கள். எந்தப் பக்கம் மின்னவில்லையோ அங்கே இன்னொரு துண்டு. இருட்டில் தானே பளபளப்பதைக் கண்ணாடியில் பார்த்தால் எந்தப் பிள்ளையும் டேப் வேண்டாம் என்று சொல்லாது.

பூசணி குடைவது

கடைகளில் குவித்து வைத்திருக்கும் பெரிய ஆரஞ்சுப் பூசணி குடைவதற்காகவே விளைவிப்பது. சதை நாராகவும் நீராகவும் இருக்கும், கூட்டு வைத்தால் ருசி வராது. சமைக்க வேண்டும் என்றால் 'பை பம்ப்கின்' என்று தனியாக விற்கும் சின்னப் பூசணியை வாங்குங்கள். அதன் சதை கெட்டியாக, தித்திப்பாக இருக்கும்.

அக்டோபர் 28, 29-க்கு முன்னால் குடையாதீர்கள். குடைந்த பூசணி சில நாளிலேயே குழைந்து பூஞ்சை பிடிக்கும், போதாக்குறைக்கு அணில் வேறு. தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, மூடியை நீங்கள் வெட்டிக் கொடுங்கள். மூடியைச் சரிவாக வெட்டினால்தான் திரும்ப வைக்கும்போது உள்ளே விழாது. விதையையும் நாரையும் வழித்தெடுப்பது பிள்ளைகளின் வேலை. கை முழுக்க வழவழவென்று ஒட்டுவதைப் பார்த்து அவர்கள் சிரிக்கும் சிரிப்புக்காகவே இதைச் செய்யலாம். முகத்தை மார்க்கரில் அவர்கள் வரையட்டும், கத்தியை நீங்கள் பிடியுங்கள். சமையலறைக் கத்தியைவிட, இதற்கென்று விற்கும் சின்ன ரம்பப் பல் கத்தி வழுக்காது. விதையைக் கழுவிக் காயவைத்து, உப்பும் மிளகாய்த்தூளும் பிரட்டி ஓவனில் வறுத்தால் டீயோடு சாப்பிட அருமையாக இருக்கும்.

ஊரில் புது வீட்டு வாசலில் கட்டும் திருஷ்டிப் பூசணியை நினைத்துக்கொண்டு என் மகள் முதல் வருஷம் பெரிய மீசையும் நீட்டிய நாக்கும் வரைந்தாள். தெருவிலேயே அந்தப் பூசணியைத்தான் எல்லாரும் நின்று பார்த்தார்கள்.

உள்ளே மெழுகுவத்தி வைக்காதீர்கள். பேட்டரியில் எரியும் குட்டி எல்.இ.டி. விளக்கு போதும். வாசலில் குனிந்து மிட்டாய் எடுக்கும் பிள்ளையின் மெல்லிய துணி நெருப்பில் பட்டால் சட்டென்று பற்றிக்கொள்ளும்.

அதற்கு முந்தைய ஞாயிறு: பகலில் ஒரு நடை

இதை யாரும் சொல்வதில்லை, ஆனால் சின்னப் பிள்ளை உள்ள வீட்டுக்கு இதைவிடப் பயனுள்ள யோசனை என்னிடம் இல்லை. ஹாலோவீனுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, வெயில் இருக்கும்போதே, போகப் போகிற தெருக்களில் பிள்ளையோடு ஒரு முறை நடந்து வாருங்கள்.

என் மகனுக்கு அப்போது மூன்று வயது. இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டு வாசலில் ஆள் உயரச் சூனியக்காரி பொம்மை இருந்தது. யாராவது அருகே போனால் கண் சிவப்பாக எரியும், கையைத் தூக்கிக் கிறீச்சென்று சிரிக்கும். இருட்டில் அதை முதல் முறை பார்த்தவன் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. இரண்டே வீட்டோடு அன்றைய ஹாலோவீன் முடிந்தது. அடுத்த வருஷம் பகலிலேயே கூட்டிப்போய்க் காட்டினேன். வீட்டுக்காரப் பெண்மணி வெளியே வந்து, பொம்மையின் அங்கியைத் தூக்கி, உள்ளே இருக்கும் பேட்டரிப் பெட்டியையும் சுவிட்சையும் அவனுக்குக் காண்பித்தார். அவனே இரண்டு முறை அணைத்துப் போட்டான். 31-ஆம் தேதி இரவு அதே வாசலில் நின்றுகொண்டு, பயந்துபோன இன்னொரு குட்டிப் பையனிடம் "அது பேட்டரிதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

அந்த நடையிலேயே நீங்களும் சிலவற்றைப் பார்த்துக்கொள்ளலாம். எந்தத் தெருவில் இரண்டு பக்கமும் நடைபாதை இருக்கிறது, எங்கே தெருவிளக்கு இல்லை, எந்த மூலையில் சிக்னலோ நிறுத்தப் பலகையோ இருக்கிறது, வீட்டுக்குத் திரும்பக் குறுக்கு வழி எது. ஐந்து வயதுக்குள் என்றால் 15, 20 வீடு தாராளம். அதற்குமேல் கால் வலிக்கும், தூக்கச் சொல்லும்.

பேஸ்மென்டில் குடியிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தெருப் பக்கம் உங்களுக்கென்று வாசல் இல்லை என்பதற்காகச் சும்மா இருக்க வேண்டாம். மேலே இருக்கும் வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு டிரைவ்வே (தெருவிலிருந்து வீட்டுக்குக் கார் வரும் பாதை) ஓரத்தில் ஒரு மடக்கு நாற்காலி போட்டு, மிட்டாய்க் கூடையோடு உட்காரலாம். அப்படி உட்கார்ந்த ஒரே மாலையில் தெரு முழுக்க அறிமுகமாகிவிடும். அடுக்குமாடியில் இருந்தால் கீழே லாபியில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளைகளை வரவேற்கும் வீடுகள் அதில் தங்கள் கதவு எண்ணை எழுதி வைக்கும். உங்கள் எண்ணையும் எழுதுங்கள்.

31-ஆம் தேதி

டொராண்டோவில் அன்று சூரியன் மறைவது மாலை சுமார் 6.10-க்கு. கோடை நேரம் முடிந்து கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைப்பது நவம்பர் முதல் ஞாயிறு என்பதால், ஹாலோவீனன்று இன்னும் பழைய நேரம்தான். சின்னப் பிள்ளைகளோடு ஐந்தரைக்கே கிளம்பினால் பாதி நேரம் வெளிச்சத்தில் போய்விடலாம். வளர்ந்த பிள்ளைகள் ஆறரைக்குப் பிறகு வருவார்கள். எட்டு, எட்டரைக்கெல்லாம் தெரு அடங்கிவிடும், அதற்குமேல் கதவைத் தட்ட வேண்டாம். டொராண்டோவில் இதற்கென்று நகராட்சி விதித்த நேரம் கிடையாது. அமெரிக்காவில் பல ஊர்களில் உண்டு, அங்கே இருப்பவர்கள் ஊர் நிர்வாகத்தின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாலரை, ஐந்து மணிக்கே சாப்பாடு கொடுத்துவிடுங்கள். இரண்டு தோசையோ ஒரு கிண்ணம் தயிர்சாதமோ வயிற்றில் இருந்தால் வழியில் மிட்டாயைப் பிரிக்க அவ்வளவு அவசரப்படாது. கழிவறைக்குப் போய் வந்த பிறகு வேஷத்தை மாட்டுங்கள். பையில் டார்ச், தண்ணீர், கையுறை, டிஷ்யூ. பெற்றோரின் போன் எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பிள்ளையின் சட்டைப் பையில் வையுங்கள். வேஷத்தோடு ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். தாத்தா பாட்டிக்கு அனுப்ப மட்டும் அல்ல. கூட்டத்தில் பிள்ளை கண்ணுக்குத் தப்பிவிட்டால், அன்று என்ன உடை என்று அந்தப் படத்தைக் காட்டலாம்.

அப்புறம் சாலை. 1975 முதல் 2016 வரை அமெரிக்காவில் நடந்த சாலை இறப்புகளைக் கனடிய ஆய்வாளர்கள் அலசி 2019-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அக்டோபர் 31 மாலையை, அதற்கு ஒரு வாரம் முந்தைய மாலையோடும் ஒரு வாரம் பிந்தைய மாலையோடும் ஒப்பிட்டார்கள். ஹாலோவீன் மாலையில் நடந்து செல்பவர் வண்டி மோதி இறக்கும் அபாயம் 43 சதவீதம் கூடுதல். நான்கிலிருந்து எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு அது பத்து மடங்கு. மிக மோசமான நேரம் மாலை ஆறு மணி சுமார். யோசித்துப் பார்த்தால் காரணம் விளங்கும். வேலைவிட்டு வரும் கார்கள், மங்கும் வெளிச்சம், உற்சாகத்தில் ஓடும் சின்னக் கால்கள் மூன்றும் ஒரே சமயத்தில் ஒரே தெருவில் சேருகின்றன.

எனவே ஒரு தெருவில் ஒரு பக்கத்து வீடுகளை முழுக்க முடியுங்கள். கோடி வரை போய், மூலையில் சாலையைக் கடந்து, மறுபக்க வீடுகளைப் பார்த்துக்கொண்டு திரும்பி வாருங்கள். எதிர்வீட்டில் பெரிய சாக்லேட் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுக் குறுக்கே ஓடும் இடத்தில்தான் ஆபத்து. நிறுத்தியிருக்கும் இரண்டு கார்களுக்கு நடுவிலிருந்து சாலையில் இறங்கவே கூடாது. ஓட்டுநருக்கு அந்த உயரத்தில் பிள்ளை தெரியாது. நடைபாதை இல்லாத தெருவில் எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி, இடது ஓரத்தில் நடக்க வேண்டும்.

பிள்ளைகள் மறந்துவிடுவது டிரைவ்வேயை. ஒரு வருஷம் என் மகள் கருப்பு அங்கி போட்ட சூனியக்காரி. ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு நடைபாதையில்தான் ஓடினாள். நடுவில் இருந்த டிரைவ்வேயில் ஒரு கார் சத்தமில்லாமல் பின்னோக்கி வந்தது. பின்விளக்கின் வெளிச்சத்தில் அவள் மிட்டாய்ப் பையில் ஒட்டியிருந்த டேப் பளிச்சென்றது, கார் நின்றது. ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த வெள்ளைக் கோடு மின்னிய விதம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அதிலிருந்து ஒவ்வொரு டிரைவ்வேயும் ஒரு சாலை என்றே பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்: நில், பார், பிறகு போ.

12 வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளோடு பெரியவர் ஒருவர் கட்டாயம் போக வேண்டும். வாசல் வரை பிள்ளை தானே போகட்டும், நீங்கள் நடைபாதையில் நில்லுங்கள். வீட்டுக்குள் யார் கூப்பிட்டாலும் உள்ளே போகக் கூடாது. தட்டிவிட்டு 'ட்ரிக் ஆர் ட்ரீட்', நீட்டினால் ஒன்றே ஒன்று, பிறகு 'தேங்க் யூ'. புல்வெளியின் குறுக்கே போகாமல் போட்டிருக்கும் பாதையிலேயே போய் வர வேண்டும். இருட்டில் அலங்கார ஒயர்கள் காலில் மாட்டும். வளர்ந்த பிள்ளைகள் தனியாகப் போவதென்றால் மூன்று நான்கு பேராக, எந்தத் தெருக்கள் என்று சொல்லிவிட்டு, முழு சார்ஜ் போட்ட போனோடு, திரும்பும் நேரத்தையும் பேசிவிட்டுப் போகட்டும்.

அன்று கார் ஓட்டுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். முடிந்தால் ஐந்து மணிக்குள் வீடு சேர்ந்துவிடுங்கள். முடியாவிட்டால் உங்கள் பேட்டைக்குள் நுழைந்ததும் ஊர்ந்தே வாருங்கள். பிள்ளைகளைக் காரிலேயே வீடு வீடாக இறக்கி ஏற்ற வேண்டாம். அப்படி நின்று நின்று போகும் கார்கள்தான் மற்ற பிள்ளைகளை மறைக்கின்றன.

வீட்டில் இருந்து கொடுப்பவருக்கு

வாசல் படியில் விழுந்திருக்கும் மேப்பிள் இலைகளைப் பகலிலேயே கூட்டிவிடுங்கள். நனைந்த இலை எண்ணெய் மாதிரி வழுக்கும். தண்ணீர்க் குழாய், சைக்கிள், பூந்தொட்டி எல்லாம் ஓரமாகப் போகட்டும். நாய் இருந்தால் உள் அறையில் விடுங்கள். எத்தனை பேர் வருவார்கள் என்பது தெருவுக்குத் தெரு மாறும். அடுத்த வீட்டில் கேட்டால் சரியாகச் சொல்வார்கள். மிட்டாய்ப் பெட்டியின்மேல் எத்தனை உருப்படி என்று அச்சிட்டிருக்கும், ஆளுக்கு ஒன்று கணக்குப் போட்டு வாங்குங்கள். நாம் பாசத்தோடு பிசையும் தேங்காய் பர்பியும் முறுக்கும் இங்கே செல்லாது. தெரியாத வீட்டுப் பலகாரத்தைப் பெற்றோர் வாங்கவிட மாட்டார்கள். மூடி ஒட்டிய கடைப் பாக்கெட்டுகள் மட்டும்தான்.

மிட்டாயோடு வேறொன்றும் வாங்கி வையுங்கள்: பென்சில், ஸ்டிக்கர், குட்டி டார்ச், சோப்புக் குமிழி. கடலையோ பாலோ ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் நிறைய வீடுகளில் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். நீலப்பச்சை நிறப் பூசணி ஒன்றை வாசலில் வைத்தால், இந்த வீட்டில் தின்பண்டம் அல்லாத பரிசும் உண்டு என்று அர்த்தம். அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தில் ஒரு தாய் தொடங்கிய வழக்கத்தை உணவு ஒவ்வாமை அமைப்பு ஒன்று 2014-ல் நாடு முழுக்க எடுத்துச் சென்றது, இப்போது கனடாவிலும் பார்க்கலாம். பெயின்ட் அடித்த ஒரு பூசணி, பத்து டாலர்க்குள் சில பொம்மைகள், அவ்வளவுதான் செலவு. ஒரு தாயாகச் சொல்கிறேன், அந்த நிறத்தைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு ஒரு பிள்ளை ஓடி வரும்போது உங்களுக்கே புரியும். மிட்டாயையும் இந்தப் பரிசுகளையும் ஒரே பாத்திரத்தில் போடாமல் தனித்தனியாக வையுங்கள்.

சில பிள்ளைகள் 'ட்ரிக் ஆர் ட்ரீட்' என்று சொல்ல மாட்டார்கள். பேச்சு வராதவராக இருக்கலாம், நம் பிள்ளை மாதிரி நேற்று வந்திறங்கியவராகவும் இருக்கலாம். வற்புறுத்தாமல் கொடுங்கள். சக்கர நாற்காலியில் வரும் பிள்ளையைக் கண்டால் நீங்கள் படியிறங்கி வாருங்கள். உயரமாக வளர்ந்த பையன் வந்தாலும் "உனக்கு இன்னுமா?" என்று கேட்காமல் ஒன்றைப் பையில் போடுங்கள். மிட்டாய் தீர்ந்துவிட்டதா, வாசல் விளக்கை அணைத்துவிட்டால் போதும்.

மிட்டாயைப் பிரித்துப் பார்ப்பது

வீட்டுக்கு வரும்வரை எதையும் வாயில் போடக் கூடாது என்பது அன்றைய முதல் விதி. வந்ததும் கூடத்தில் ஒரு பழைய போர்வையை விரித்து, பையைக் கவிழ்த்துக் கொட்டச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு அந்த ஓசையே பெரிய சந்தோஷம்.

முன்பின் தெரியாதவர் விஷம் வைத்துக் கொடுத்தார் என்ற பயம் பல பத்தாண்டுகளாகச் சுற்றுகிறது. டெலாவேர் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட் 1958 முதலான செய்திகளைத் தேடித் தொகுத்திருக்கிறார். தெருவில் யாரோ ஒருவர் கொடுத்த மிட்டாயால் ஒரு பிள்ளை இறந்ததாகவோ படுகாயமடைந்ததாகவோ உறுதியான ஒரு சம்பவம்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. 1974-ல் டெக்சாஸில் ஒரு சிறுவன் சயனைடு கலந்த மிட்டாயால் இறந்தது உண்மை. ஆனால் அதைக் கொடுத்தவர் காப்பீட்டுப் பணத்துக்கு ஆசைப்பட்ட அவனுடைய தந்தை. இதைச் சொல்வது பார்க்காமல் சாப்பிடலாம் என்பதற்காக இல்லை. அக்கம்பக்கத்தைச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டியதில்லை என்பதற்காக.

பார்க்க வேண்டியவை வேறு. கிழிந்தது, பிரித்து ஒட்டியது, உறையே இல்லாதது எல்லாம் குப்பைக்கு. நாலு வயதுக்குள் பிள்ளை இருந்தால் கெட்டி மிட்டாய், சூயிங்கம், முழுக் கடலை, பாப்கார்ன் எல்லாவற்றையும் ஒதுக்குங்கள், தொண்டையில் அடைக்கும். ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு ஒவ்வொரு உறையையும் படியுங்கள். ஒரே பெயரில் பெரிய சாக்லேட்டில் இல்லாத பொருள் ஹாலோவீனுக்கு வரும் குட்டி சாக்லேட்டில் இருக்கக்கூடும். கனடாவில் கஞ்சா கலந்த தின்பண்டங்கள் 2019 அக்டோபரிலிருந்து சட்டப்படியே விற்கலாம். முறையான பாக்கெட்டில் சிவப்பு எண்கோணத்துக்குள் கஞ்சா இலையும் 'டி.எச்.சி.' என்ற எழுத்தும் இருக்கும். திருட்டுத்தனமாக விற்பவை நமக்குத் தெரிந்த மிட்டாயைப் போலவே உறை போட்டு வரும், எழுத்துப் பிழையோ விநோதமான பெயரோ தெரிந்தால் எறியுங்கள். தவறி எதையாவது விழுங்கிவிட்டால் கனடாவில் (கியூபெக் தவிர) விஷ முறிவு உதவி எண் 1-844-764-7669, அமெரிக்காவில் 1-800-222-1222. மூச்சுத் திணறினாலோ மயங்கினாலோ நேராக 911.

சைவ வீடுகளுக்கு ஒரு தனித் தலைவலி ஜெலட்டின். மிருகங்களின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. மார்ஷ்மெல்லோ, கம்மி பேர், ஸ்டார்பர்ஸ்ட், கேண்டி கார்ன் இவற்றில் இருக்கும். ஸ்கிட்டில்ஸில் இல்லை, கனடாவில் ராக்கெட்ஸ் என்று விற்கும் குட்டி மாத்திரை மிட்டாயிலும் இல்லை. உறையில் அந்தச் சொல் எப்படி இருக்கும் என்று பிள்ளைக்கே காட்டிக் கொடுத்துவிட்டால் ஆறு வயதில் அவளே பிரித்து வைத்துவிடுவாள். எடுத்துவைத்ததைப் பறித்துக்கொண்டு விடாமல் நீங்கள் வாங்கி வைத்திருக்கும் வேறொன்றோடு மாற்றிக் கொடுங்கள். வீட்டில் நாய் இருந்தால் சாக்லேட்டும் திராட்சையும் எட்டாத இடத்துக்குப் போகட்டும், இரண்டுமே அதற்கு விஷம்.

எவ்வளவு சாப்பிடலாம் என்பதில் என் வழி இது: அன்றிரவு பிடித்ததில் நாலைந்து, பிறகு தினம் சாப்பாட்டுக்குப் பின் இரண்டு, உடனே வாய் கொப்பளிப்பது. நாள் முழுக்க ஒவ்வொன்றாகச் சப்பிக்கொண்டிருப்பதுதான் பல்லுக்குக் கெடுதல்.

நவம்பர் 1

பூசணியில் இருக்கும் பேட்டரி விளக்கை எடுத்துவிட்டு, காயை உணவுக் கழிவுக்கான பச்சைத் தொட்டியில் போடலாம், டொராண்டோவில் எடுத்துப்போவார்கள். அதற்கு முன்னால் ஒரு மாலை இருக்கிறது. டொராண்டோவின் சொராரன் பூங்காவில் 2004-லிருந்து நவம்பர் தொடக்கத்தில் பூசணி அணிவகுப்பு நடக்கிறது. அக்கம்பக்கத்தார் தங்கள் பூசணிகளைக் கொண்டுவந்து வரிசையாக வைத்து விளக்கேற்றுவார்கள். வேறு பூங்காக்களிலும் இப்போது நடக்கிறது, உங்கள் பேட்டையில் உண்டா என்று கேட்டுப் பாருங்கள். வாசலில் நாள்கணக்கில் இருந்த பூசணியைச் சமைக்க வேண்டாம்.

வேஷத்தைத் துவைத்துக் காயவைத்து ஒரு பெட்டியில் போடுங்கள். மிச்சமிருக்கும் டேப், எல்.இ.டி. விளக்கு, டார்ச் எல்லாம் அதிலேயே இருக்கட்டும். மூடுவதற்கு முன் ஒரு தாளில் மூன்று விஷயம் எழுதி மூடியின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள்: வாசலுக்கு எத்தனை பிள்ளைகள் வந்தார்கள், மிட்டாய் எத்தனை மணிக்குத் தீர்ந்தது, உங்கள் பிள்ளை எந்தத் தெருவில் கால் வலிக்கிறது என்றது. எங்கள் பெட்டியில் இப்போது ஏழு தாள்கள் இருக்கின்றன. முதல் தாளில் 'ஏழரை வரை பூஜ்யம், பிறகு 22' என்று இருக்கிறது.